ஆணி அடிக்காத வீடு

கந்தப்பளைச் சந்தி கராஜில்
முகம் நசுங்கி நின்ற பழைய பஸ்ஸிலிருந்து
ஜன்னல் கண்ணாடி ஆறு.
கீறலைக் காட்டிக் காட்டி
ஐந்துக்கு விலை பேசினேன்.
ஆறாவது கொசுறு.
அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது
"மதகுருமாருக்கு" என்ற சிவப்பு எழுத்து.
அந்த ஆசனத்தில்தான்
கறிமிளகாய் நாற்றுகளை உட்கார வைத்தேன்.

இஸ்தோப்பின் ஓரத்தில்
நாலடி நீளம், மூன்றடி அகலம்.
தேயிலைப் பெட்டிச் சட்டம், கட்டுக்கம்பி,
சைக்கிள் டியூபில் வெட்டிய கீல்.
அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பைகளில்
மணலும் மாட்டெருவும் சலித்த மண்ணும்.
ஒரு கோப்பைக்கு ஒரு விதை.
ராகலைக் கடைக்காரன் எண்ணித் தந்தவை,
மாத்திரை மாதிரி.

மூன்றாம் நாளே அல்போன்ஸ் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார்.
"யாரைக் கேட்டுக் கட்டினாய்?"
"கட்டவில்லை ஐயா. வைத்திருக்கிறேன்."
குனிந்து நாலு மூலையும் தடவினார்.
தரைக்குள் ஓர் ஆணிகூட இறங்கவில்லை.
தூக்கிப் பாருங்கள் என்றேன்.
தூக்கினார்.
ஒரு விரற்கடை உயர்ந்தது.
தோட்டத்து நிலத்தைத் தொடாமல்
என் தக்காளிகள்
மூச்சு விடும் நேரம் அந்தரத்தில் நின்றன.
"நகர்த்தக்கூடியது" என்று எழுதிக்கொண்டு போனார்.
நான் பிறந்த காம்பராவுக்கு நேரே
அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ,
கேட்கவில்லை.

தை பிறந்தது.
வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால்
இங்கே யாரும் அழகு என்று சொல்வதில்லை.
அன்றிரவு
கரி பூசிய போத்தல்களில் தண்ணீர் நிரப்பி
நாற்றுகளுக்கு நடுவே நிறுத்தினேன்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவில் மெல்ல விடுமாம்.
மூன்று மணிக்கு எழுந்து சாக்குப் போர்த்தினேன்.
போதாதென்று பட்டது.
என் கம்பளியையும் போர்த்தினேன்.

விடிந்தபோது புல்லில் உப்பு.
வெளியே கோவா இலைகள்
வெந்நீர் ஊற்றினாற்போல் கறுத்துக் கிடந்தன.
பச்சை மலையில் மொட்டைத் திட்டாய்க் கருகிய கொழுந்து.
உள்ளே கண்ணாடி வியர்த்திருந்தது.
முப்பது கோப்பை, முப்பது தலை.
நான்தான் இருமிக்கொண்டிருந்தேன்.

கொன்றது பனி இல்லை.
நாலு நாள் கழித்து,
நல்ல வெயிலில்,
கதவைத் திறக்க மறந்து மலைக்குப் போனேன்.
நிறுவை பிந்தியது.
நாலரைக்கு வந்து கையை உள்ளே விட்டால்
அடுப்படிச் சூடு.
பதினெட்டு நாற்று
கழுத்து மடிந்து படுத்திருந்தன,
பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் போல.
குளிருக்குப் பூட்டத் தெரிந்த எனக்கு
வெயிலுக்குத் திறக்கத் தெரியவில்லை.
அன்றிரவு சோறு இறங்கவில்லை;
பதினெட்டு மிளகாய்க் கன்றுக்கு அழுதேன் என்றால்
யாரிடம் சொல்ல?

மறுநாளும் மறந்தேன்.
ஓடி வந்து பார்த்தால்
கதவு ஒரு சாண் திறந்து,
இடையில் சிரட்டை ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது.
அதற்கடுத்த நாளும்.

பக்கத்துக் காம்பரா தவமலர்
முழங்கால் வீங்கி வீட்டிலிருக்கிறாள்.
பீலித் தண்ணீர்ச் சண்டையில்
என் குடத்தை உருட்டிவிட்டவள்.
ரெண்டு வருசமாய்ப் பேச்சில்லை.
இப்போதும் இல்லை.
கதவு மட்டும் பத்து மணிக்குத் திறக்கிறது,
நாலு மணிக்கு மூடுகிறது.

நேற்று எண்ணினேன்.
பன்னிரண்டில் ஒன்று குறைந்தது.
மதகுருமார் ஆசனத்தில்
வட்டமாய் ஈரத் தடம்.
அரைச்சுவருக்கு அந்தப் பக்கம்,
அவள் இஸ்தோப்பில்,
வெயில் விழும் பக்கம் இலையைத் திருப்பி
ஒரு யோகட் கோப்பை.
எட்டிப் பார்த்தேன்;
தண்ணீர் கொஞ்சம் அதிகம்தான் ஊற்றியிருக்கிறாள்.
சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
உள்ளே ரேடியோ சத்தம் கூடியது.

இன்று விடியும்போது வெயில்.
ஒன்பதரைக்கு மலையை மூடியது மூட்டம்.
திறந்திருப்பாளா, விட்டிருப்பாளா,
மேல் மலையிலிருந்து லயம் தெரியவில்லை.
நிறுவைக்கு
இன்னும் ரெண்டு கிலோ குறைகிறது.