ஏழாம் வரி, எட்டாம் வரி

கப்பலிலிருந்து ஒரு குரல்:
"அக்கா, முன்னாடியே புக் பண்ணணுமா,
இல்ல வந்து பாத்துக்கலாமா?"
சென்னைத் தமிழ். பின்னால் காற்று,
கண்ணாடிக் குவளைகள் இடிபடும் சத்தம்.
நாளை மறுநாள் திருகோணமலையில் இறங்குவார்களாம்.
மாலை ஆறுக்குக் கப்பல் விட்டிடுமாம்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில் உண்டு.
மரியநேசன் சொல்லச் சொல்வது ஒன்று:
பாதிக் காசை முதலே போடுங்கோ, இடம் நிச்சயம்.
மற்றது உண்மை.

கடல் பஸ் சீற் இல்லை, லேஞ்சி போட்டுப் பிடிக்க.
கச்சான் நின்று வீசினால்
செம்மலைக் கரையில் நின்றே
பார் கறுத்துக் கிடப்பதைக் காணலாம்.
கொண்டல் திரும்பினால் அதே பார்
பால் விட்ட தேத்தண்ணி.
நாலு மாதம் முந்தி லண்டனிலிருந்து பதிந்த குடும்பம்
ஐந்து பேரும் முகம் குப்புறக் கிடந்து
ஒரு மணித்தியாலம் கலங்கலைப் பார்த்துவிட்டுப் போனது.
அடுத்த நாள், வழி தவறி வந்த
மருந்துக் கம்பனிப் பெடியன் ஒருவன்
காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி
ஆமையைக் கண்டான்.

ஆனால் கடலுக்கு முன்னால் ஒரு காவலரண்,
காவலரணில் ஒரு படிவம்.
முதல்நாள் ஆறு மணிக்குள் பெயர்கள் போய்ச் சேர வேண்டும்.
போனபிறகு வெட்டி மாற்றலாம்,
புதிதாய்ச் சேர்க்க முடியாது.
ஆர் கண்டுபிடித்த சட்டமோ.
போட்டில் எட்டுப் பேர். ஆறு இடம் விற்பேன்.
சும்மா வந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு வரி.
வெறும் வரியை எடுக்கமாட்டார்கள்,
ஏதாவது பெயர் வேண்டும்.

சந்தியோகு றொபின்சன்.
சந்தியோகு வெலிங்டன்.

முதல் தடவை அவசரம். வேறு பெயர் கைக்கு வரவில்லை.
மரியநேசன் பார்த்தான், ஒன்றும் கேட்காமல்
எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனான்.
வயதுக் கட்டத்தில்
அப்போதையதா இப்போதையதா என்று
கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
இருபத்திரண்டு. பத்தொன்பது.

மூன்று சீசனாய் என் தம்பிமார்
மாலையில் பதிகிறார்கள், காலையில் வருவதில்லை.
பண்டார விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்து
ஏழில் நிற்பான்.
"இண்டைக்கும் வர இல்லையா?"
"வரேல்லை."
நல்ல பெடியன். ஊரில் தாய்க்குச் சுகமில்லை.
ஒருநாள் மட்டும் கேட்டான்,
இவர்கள் காசு கட்டினவர்களா என்று.

சென்னைக்காரிக்கு எழுதினேன்:
"வந்து பாருங்கோ."

வான்காரன் சுற்றிச் சுழன்று பத்தரைக்குத்தான் கொண்டுவந்தான்.
மதுவந்தி, அவள் புருசன் கௌதம்,
மணிக்கட்டில் கப்பல் கட்டிவிட்ட நீலப் பட்டி.
வெட்டுகிற வேலை எப்போதும் மரியநேசனுடையது.
அவன் இடுப்பளவு தண்ணியில்
போட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
அடிமட்டம் இல்லை. கை போன போக்கில்
வெலிங்டனை முதலில் வெட்டினேன், சின்னவன்.
பிறகு மற்றவனை.
மேலே இடுக்கி இவர்களை எழுதினேன்.
முப்பத்தொன்று, இருபத்தொன்பது.

அவள் எட்டிப் பார்த்தாள்.
"ஐயோ, யாரோட இடத்தையாவது எடுத்துக்கிட்டமா?"
"முதலே பதிஞ்ச ஆக்கள். வரப் பிந்துது."
"நாங்க போனப்புறம் வந்துட்டாங்கன்னா?"

கச்சான் நன்றாக வீசிக்கொண்டிருந்தது.
தண்ணி அண்டைக்கு அப்படியொரு தெளிவு.

மாஸ்க் பட்டியை அவள் பின்தலையில் இறுக்கி
மயிர் அகப்படாமல் ஒதுக்கி
திரும்பக் கழற்றி, கண்ணாடிக்குள் துப்பு என்றேன்.
துப்பி, விரலால் தேய், பிறகு கழுவு.
கூச்சப்பட்டாள். எல்லாரும் கூச்சப்படுவார்கள்.
துப்பாவிட்டால் உள்ளே ஆவி பிடித்துவிடும்,
அவ்வளவு தூரம் வந்து
ஒன்றும் தெரியாது.