மயிரிழை

ஹோவர்கிராஃப்ட் செய்யத் தட்டுத் தேடினாள் நிதுர்சிகா.
வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சீடி
எங்கள் கலியாணத்து சீடிதான்.
"போட்டுப் பார்க்க பிளேயரே இல்லையேம்மா."
நான் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டாள்.

நடு ஓட்டையின் மேல் துளையிட்ட போத்தல் மூடி,
சுற்றிவரப் பசை,
மூடியின் கழுத்தில் ஊதிய பலூன்.
முதல் தடவை அசையவேயில்லை.
பசையில் ஓர் ஊசிக்கண்,
காற்றெல்லாம் அதால் போயிற்று.
அடைத்து, முற்றத்தில் வைத்தாள்.
மணல் குடித்துவிட்டது.

பிறகு குருமண்வெளித் துறையில்
பாதைக்குக் காத்திருக்கையில்,
கொட்டிலின் சீமெந்துத் தரையில்,
பலூன் சூம்பச் சூம்ப
காற்று கீழிறங்கி, போக வழியின்றி
தட்டை ஒரு மயிரிழை தூக்கி
விளிம்பெல்லாம் கசிந்தது.
சுண்டுவிரலால் தொட்டாள்.

மீன் பெட்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே
தாலி கட்டியது, மாலை மாற்றியது,
மாமி முறைத்தது,
மூன்று மணிநேர நாதஸ்வரம்
எல்லாம் தரையில் படாமல் போயின.

காற்றுத் தீர்ந்ததும் டக்கென நின்றது
யாரோ ஒருவரின் செருப்படியில்.

அக்கரையிலிருந்து பாதை வந்தது,
வாவியை அழுத்திக்கொண்டு, கனத்து.
"இதுக்குக் கீழயும் ஊதினா?"

மண்டூர் வரும்வரை
எத்தனை பலூன் வேண்டுமென்று
இருவரும் கணக்குப் பார்த்தோம்.