வரவு வைத்த வகை

லோரோங் கூலிட் சந்தையில் ஞாயிறு காலை.
துருப்பிடித்த ஸ்பேனர், மூடி தொலைந்த மிக்சி,
யாருடைய கல்யாண ஆல்பமோ ஒன்று.
நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு வாழைமர நோட்டு.
பத்து வெள்ளி என்கிறார் ரொஸ்லி.
பத்து டாலர் நோட்டுக்குப் பத்து வெள்ளி.
எண்பது வருடம் கழித்து
சரியான விலைக்கு வந்திருக்கிறது.

அச்சடித்தவர்கள் ஒரு கட்டத்தில்
வரிசை எண் போடுவதையே விட்டுவிட்டார்கள்.
எண்ணி என்ன ஆகப்போகிறது என்று
அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

சாத்தப்பன் எண்ணினார்.
அப்பாவுக்குத் தாத்தா. அப்போது வயது பத்தொன்பது,
பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் பெட்டியடிப் பையன்.
நாற்பத்தைந்து ஆடியில்
ஊய் கிம் தியாம் கோணிச் சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தார்,
அடகு வைத்த கடைவீட்டுக்கு
அசலும் வட்டியும்.
சாக்கு நிறையப் பணம்.
அந்தச் சாக்கு நிறைய அரிசி வாங்க
அந்தப் பணம் போதாது.
வாங்க மாட்டேன் என்று சொல்ல
முதலாளிக்கு வாய் இருந்தது,
தெருமுனையில் கெம்பெத்தாயும் இருந்தது.
விடிய விடிய எண்ணி,
பிள்ளையார் சுழி போட்ட பேரேட்டில்
‘வரவு. பாக்கி இல்லை’ என்று எழுதினார்.
பத்திரம் திரும்பிப் போனது.
ஆவணியில் சண்டை முடிந்தது.
புரட்டாசியில் தெருப்பிள்ளைகள்
அந்த வரவில் பட்டம் செய்து விட்டார்கள்.

கிட்டங்கி மூடியபோது உள்ளே கிடந்தது
சாத்தப்பனின் ஐந்து வருடச் சம்பளமும்.
ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வதாக
ஏட்டிலேயே விட்டுவைத்தது.
ஊருக்குப் போகவில்லை.

கிம் தியாமைத் திட்டியே வளர்ந்த வீடு எங்களுடையது.
அவருடைய மூத்த மகனை லாரியில் ஏற்றினார்கள்,
எங்கே இறக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது
என்பதைப் போன வருடம்தான் கேள்விப்பட்டேன்.
அது பற்றா, வரவா?

கடைவீடு இப்போது ஹோட்டல்,
ஓர் இரவுக்கு நானூற்று இருபது.
ஆயர் ஈத்தாமில் நாங்கள்
நாலாம் தலைமுறையாக வாடகை.
எனக்கு வேலை வங்கியில், வீட்டுக்கடன் பிரிவு.
முப்பத்தைந்து வருடத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாமே
என்று புதுசாகக் கல்யாணமானவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.
நானும் சிரித்துக்கொண்டே
கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுவேன்.

ஒரு மதியம், ஆள் இல்லாத நேரம்,
அந்த ஐந்து வருடச் சம்பளத்தைக் கணினியில் இட்டேன்.
கூட்டு வட்டி, நாலு சதவீதம்,
தொடக்கம் 1945.
தேதி செல்லாது என்றது திரை.
மறுபடி தட்டினேன்.
செல்லாது.

எட்டுக்குத் தருவீர்களா?
பத்துதான், தங்கச்சி.
சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து நீட்டுகிறேன்.
ரொஸ்லி அதை வெயிலில் தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
அப்படியும் இப்படியும் திருப்புகிறார்.

பார்க்கட்டும்.
நன்றாகப் பார்க்கட்டும்.