லேசான சமையல் மட்டும்

வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாவது வரி:
லேசான சமையல் மட்டும்.
கையெழுத்துப் போட்ட வாரமே
இரண்டே முக்கால் கிலோவில்
ஒரு வார்ப்பிரும்புச் சட்டியைத் தூக்கிவந்தேன்.

உட்லண்ட்ஸ் நிலையத்தில்
கட்டணக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி
ஒரு பெண் நீட்டினாள்.
இருபத்தைந்து வெள்ளி.
துருவுக்காக மூன்று குறைத்தாள்.
"வாங்குறப்ப ஆசையாத்தான் இருந்துச்சு."
அதற்குள் அவளுடைய ரயில் வந்துவிட்டது.
செங்காங் வருவதற்குள்
பையின் ஒரு காது அறுந்தது.

துரு எனக்குப் புதிதில்லை.
இரவு ஒன்றரை முதல் நாலு வரை
தண்டவாளம் தேய்ப்பவன் நான்.
கடைசி ரயில் போனபின் சுரங்கத்தில்
நாங்கள் ஆறு பேர், ஓர் இயந்திரம்,
நிறைய பொறி.
அங்கே எல்லாம் பளபளக்க வேண்டும்.
வீட்டுக்கு வந்தால் இது கறுக்க வேண்டும்.
மாசிலாமணி என்று பேரை வைத்துக்கொண்டு
அடுப்படியில் கறுப்பு வளர்த்தேன்.

தோசை சுடும் இரும்பையே
கல் என்று கூப்பிடுகிறவர்கள் நாம்.
புதிதாய் வந்தால்
கழுவு என்று சொல்வதில்லை,
பழக்கு என்கிறோம்,
நாயைப் பழக்குவதுபோல, நாக்கைப் பழக்குவதுபோல.
கல்லுப்பு போட்டு நாரால் தேய்த்தேன்.
ஈரம் சாகும்வரை அடுப்பில் வைத்தேன்.
நல்லெண்ணெய் அரைக் கரண்டி,
பழைய பனியன் துணி,
போட்ட எண்ணெயைப் போடவே இல்லை என்பதுபோல் துடைத்து
புகைய விட்டேன்.
ஆறவிட்டு
மறுபடி.

பதினோராம் மாடியில் புகைக்குத் தெரிந்த ஒரே திசை மேலே.
பன்னிரண்டாம் மாடிக் கழியில்
யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை.
வீட்டுக்காரர் செங் குவான்
குறுஞ்செய்தி அனுப்பினார்:
இது லேசானதா?
ஒரே ஒரு முட்டைதான், என்று பதில் போட்டேன்.
பொய்யில்லை. ஒட்டிக்கொண்ட அதைச்
சுரண்டித்தான் தின்றேன்.

மூன்றாம் மாதம் ஒரு விடிகாலை
முட்டை வழுக்கியது.
சட்டியைச் சாய்த்த பக்கமெல்லாம் போய்வந்தது.
யாரையாவது எழுப்பிக் காட்டவேண்டும் போலிருந்தது.
அடுத்த அறையில் ரோமெல் குறட்டை விட்டான்.
அவன் சாங்கியில் பெட்டிகள் ஏற்றுகிறவன்,
நான் படுக்கும்போது எழுகிறவன்.
தேக்காவில் வாங்கிய கானாங்கெளுத்தியில்
வால்பக்கம் ஒரு துண்டு
அவனுக்கென மூடிவைத்தேன்.
பிறகு அதுவே வழக்கமாயிற்று:
மூடிய தட்டு, காலையில் காலித் தட்டு,
பேச்சு அதிகமில்லை.

ஒரு வியாழன், வேலை முடிந்து வருகிறேன்,
தொட்டியில் நுரை.
எலுமிச்சை மணக்க மணக்க
இரவெல்லாம் ஊறிய சட்டி
சாம்பல் நிறத்தில், விளிம்பெல்லாம் செம்புள்ளி பூத்து,
பிறந்த மேனிக்குக் கிடந்தது.
ஐந்து மாதம்.
அவன் கதவைத் தட்டினேன், தட்டல் இல்லை, குத்து.

திறந்தான். சிரித்தான்.
பத்து விரலையும் விரித்துக் காட்டினான்,
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
"தேய்க்கத் தேய்க்க வந்துக்கிட்டே இருக்கு.
ஒரு மணி நேரம்! பாவம் நீ,
இவ்வளவு அழுக்கோடயா சமைச்ச?"

ஒரு மணி நேரம்.
பன்னிரண்டு மணி நேரம் பெட்டி தூக்கிய கை.
எனக்காக யாரும் எதையும்
அவ்வளவு நேரம் தேய்த்த ஞாபகம் இல்லை.
வாயில் இருந்த வார்த்தை
எங்கே போயிற்றோ.
நன்றி, என்றேன்.
அரைமனசாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.
முகத்தை மூடிக்கொண்டான் கொஞ்ச நேரம்.
பிறகு ஜன்னல்களைத் திறந்துவிட்டு
நாற்காலிமேல் ஏறி நின்று
புகை எச்சரிக்கைக் கருவிக்கு
பீட்சா அட்டையால் விசிறினான்.
நான் உப்பு, நார், எண்ணெய், துணி.
சட்டியைவிட அவன் அதிகம் வியர்த்தான்.

கைபேசி அதிர்ந்தது. செங் குவான்:
மறுபடியும் முட்டையா?

இரண்டு, என்று போட்டேன்.

இரண்டும் ஒட்டிக்கொண்டன.
ஆளுக்கொரு கரண்டியால் சுரண்டினோம்.