முத்திரை

இருநூற்றுப் பத்துக் கேள்வி,
எந்த ஊர்க் குளிரிலோ எழுதியவை.
பகாவில், மூன்றாம் படிவம்,
பின்வரிசை முழுக்கத் தோட்டத்து பஸ்ஸில் வந்தவர்கள்.

பாய்மரப் படகு ஓட்டப் பிடிக்குமா?
அருங்காட்சியகம் போக?
பியானோ?
ஆம், இல்லை. வேறு கட்டம் கிடையாது.

தர்ஷாயினி ஓரத்தில் பென்சிலால்
'இன்னும் பார்க்கல' என்று எழுதியிருந்தாள்,
பதினேழு இடத்தில்.
துளையட்டையை மேலே வைத்தேன்,
ஓரம் மறைந்துபோனது.
வெறுங்கட்டத்தை 'இல்லை' என எண்ணச் சொல்கிறது கையேடு.
எண்ணினேன்.

முடிவு: வெளிப்புற உடலுழைப்பு.
அவளுக்கும்
அந்த பஸ்ஸில் வந்த இன்னும் பதினொரு பேருக்கும்.

தாளை வாங்கிக்கொண்டு நின்றாள்.
"டீச்சர், எங்கப்பா லோரி ஏத்துற செம்பனை மில் தராசு
நடைக்கு நாற்பது கிலோ குறைச்சுக் காட்டிச்சு.
ஆறு மாசச் சீட்டையும் கூட்டிப் பார்த்து
நான்தான் கண்டுபிடிச்சேன்.
அதுக்கு வருஷா வருஷம் ஆள் வந்து
சோதிச்சு முத்திரை ஒட்டிட்டுப் போவாங்க.
இதுக்கு?"

அதைப் பற்றிக் கேள்வி ஏதும்
இருநூற்றுப் பத்தில் இல்லை.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. ஓடினாள்.
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
விலைச் சீட்டு இருந்தது,
பாதி கிழிந்து.