குடிமகன், இதழ் இருபத்திரண்டு

லாங்கு பஜாரில் எடைக்குத்தான் கிடைத்தான்,
கிலோ அறுபது ரூபாய்.
தராசில் ஒன்றேகால் கிலோ நின்றான்
ஒரு காலத்தில் ரயிலையே தூக்கியவன்.

ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில்
பஸ் நின்று நின்று ஊர்ந்தது.
கீழே மணல், கருவேலம், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு.
மடியில் கட்டு. சணலை அவிழ்க்கவில்லை.
பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
"பையனுக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
எனக்குப் பையன் இல்லை.

பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள் அப்போது.
முகமூடிக் குடிமகன்.
"எத்தனை குவார்ட்டர் அடிப்பான் உங்காளு?"
கேட்டே உயிரை வாங்குவான் இம்தியாஸ்.
கேட்டுவிட்டு எனக்கு முன்னால் படித்தும் முடிப்பான்.
ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு வாங்கியது;
ஒரு வாரம் என் பாடப்புத்தகத்துக்குள்,
மறு வாரம் அவன் அப்பாவின் தோல் மண்டியில்.
திரும்பி வரும்போது குடிமகனும் நாறுவான்.

விநோதமான வீரன்.
ஒரே குத்தில் மதில் சரிக்கும் கை,
ஆனால் அடிப்பதற்கு முன் மனு கொடுப்பான்.
மூன்று நகல். ரசீது கேட்பான்.
முப்பது நாள் பொறுப்பான்,
கட்டத்துக்குக் கட்டம் காலண்டர் தாள் கிழியும்.
முப்பத்தோராம் நாள்தான் குத்து.
அந்த ஒரு குத்துக்காக
முப்பது நாளையும் நாங்கள் சகித்தோம்.

பதினெட்டாம் இதழில் தேர்தலில் நின்றான்.
பத்தொன்பதில் தோற்றான்.
இருபதில் கூலி உயர்வு பற்றி எட்டுப் பக்கம் பேசினான்;
பேச்சுக் குமிழி வீங்கி வீங்கி
அவன் முகம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது.
இருபத்தொன்றில் ஒருவரையும் அடிக்கவில்லை.

அஞ்சலட்டை எழுதினேன்:
அரசியல் போதும், சண்டை போடச் சொல்லுங்கள்,
இல்லாவிட்டால் வாங்க மாட்டேன்.
தி. பரஞ்சோதி, ஒன்பதாம் வகுப்பு, ராணிப்பேட்டை.
சொன்னபடி செய்தேன்.
இருபத்திரண்டை வாங்கவில்லை,
அதற்குப் பிறகு எதையும்.

இன்று ராத்திரி, மின்விசிறிக்குத் தாள் பறக்காமல்
டம்ளரை மேலே வைத்துப் பிரித்தால்
வாசகர் கடிதத்தில் நான்.
அச்சில் என் பெயர், எனக்கே தெரியாமல்
முப்பத்தோரு வருடம்.
கீழே ஆசிரியர்:
"தம்பி, பக்கம் 41."

பக்கம் 41.
சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது,
அச்சுப் பிழை. ஆறு கரையை மீறி
குடிசைக்குள், மாட்டின் வாய்க்குள், பக்க எண்ணுக்குள்.
ஆலை அலுவலகக் கதவை உடைத்து நுழைகிறான் குடிமகன்.
முப்பத்தோராம் நாள். கை ஓங்கியாயிற்று.
முதலாளி இல்லை.
மேஜையில் ஓர் ஆள், மூக்குக் கண்ணாடி,
ஒரு கையில் சோதனைக் குழாய், ஒரு கையில் பேனா.
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

குடிமகன் கையை இறக்குகிறான்.
"உங்க பேர் என்ன?"

பதில் குமிழி காலி.
எழுத்துக்காரர் மறந்தாரோ, வேண்டுமென்றே விட்டாரோ.
இந்தப் பிரதியை வைத்திருந்த ஏதோ ஒரு பையன்
நீல பால்பாயிண்டில் தன் பெயரை எழுதியிருக்கிறான்,
பிறகு பயந்து, எச்சில் தொட்டு அழித்திருக்கிறான்.
தாள் தேய்ந்து ஓட்டை.
ஓட்டை வழியே 43-ஆம் பக்கத்தின் சிவப்பு.

நாளைக்குத் திங்கள்.
சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி வரும் நாள்,
பன்னிரண்டு பாட்டில், பன்னிரண்டு ஆலை.
ஏழாம் எண் இம்தியாஸுடையது.
குரோமியம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்,
கொஞ்சம்தான்,
எப்போதும் அதைக் குறைத்து எழுதுகிற கை
இப்போது டம்ளரைப் பிடித்திருக்கிறது.

கட்டில் இருபத்துமூன்று இல்லை.
இரண்டு முறை தேடிவிட்டேன்.
மூன்று நகல் எடுக்க
மேம்பாலத்தடி ஜெராக்ஸ் கடை
எட்டரைக்குத்தான் திறக்கும்.