ஆட்காட்டி

பலாலி ஓடுபாதையில எனக்குப்
பறவை கலைக்கிற வேலை.
வெடி, விசில், சிவப்புக்கொடி,
ரெண்டு நேரமும் நிரப்பிக் குடுக்கிற படிவம்.

கொழும்பிலயிருந்து சுற்றறிக்கை:
அஞ்சு வருசத்தில பயணிகள் நாலு மடங்காம்.
இண்டைக்குச் சென்னை விமானத்தால இறங்கினது
முப்பத்தொரு பேர்,
அதில ஒண்டு கைக்குழந்தை.

ஓரச் சரளையில ஆட்காட்டி
நாலு முட்டை இட்டிருக்கு.
கிட்டப் போனால்
நீ ஆர், நீ ஆர் எண்டு கத்துது.

பதினேழாம் விளக்குக்கு நேரே
எங்கட கிணறு கிடந்தது.
உறுதி இன்னும் றங்குப்பெட்டிக்குள்ள.

‘விரட்டப்பட்டவை’ எண்ட நிரலில
பூச்சியம் போட்டன்.
மேற்பார்வையாளர் தவராசசிங்கம்
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்:
“ஒண்டுமே இல்லையோ?”

“பறவையில இல்லை, சேர்.”